ஒரிஜினல்: ஆம் / இல்லை

ஆம்பூரில் ஒரு பொருளை 'ஒரிஜினல்' என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது ஒரு காலத்தில் ஆட்டின் மேலோ மாட்டின் மேலோ இருந்தது. மற்றதெல்லாம் ரெக்சின், அதாவது டூப்ளிகேட். சந்தேகம் வந்தால் மோந்து பார்ப்பார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள், அப்படியும் தீராவிட்டால் ஜான்சனிடம் கொண்டுபோவார்கள்.

ஜான்சன் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் ஃபைனல் செக்கிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு டூப்ளிகேட்டை ஒரிஜினல் என்று பாஸ் பண்ணியது கிடையாது. ஒரிஜினலை டூப்ளிகேட் என்று தள்ளியதும் கிடையாது. அவருக்குச் சொத்து என்று இந்தப் பெயரும் ஓர் அம்பாசிடர் காரும்தான் இருந்தன.

கார் 1966-ஆம் வருஷத்து வண்டி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதை அவர் வாங்கியபோது சீட்டெல்லாம் கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே கம்பெனியில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹெலன், பதினோரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழுப்பு நிறத் தோலில் இரட்டைத் தையல் போட்டு, முன் சீட்டும் பின் சீட்டும் தைத்து முடித்தாள். பின் சீட்டின் ஓரத்தில், கை வைத்துத் தடவினால் மட்டும் தெரியும்படி, 'ஜீ' என்று ஓர் எழுத்தையும் தைத்தாள். ஜீவா அவர்களுடைய ஒரே மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

இப்போது ஜீவா வேலூரை ஒட்டிய பாகாயத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலூர் சர்ச்சில் தேதியும் வாங்கியாகிவிட்டது. நகை வேண்டும், புடவை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. "அம்மா தச்ச சீட்ல உக்காந்துதான் சர்ச்சுக்குப் போவேன். டிராவல்ஸ் காரெல்லாம் கொண்டாந்து நிறுத்தாதப்பா" என்று மட்டும் சொன்னாள். ஜான்சன் வாக்குக் கொடுத்தார். கொடுத்த மறுநாள் கடிதம் வந்தது.

பழம்பெரும் ஊர்திகள் தகுதி விலக்கு வாரியம் என்ற இடத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை அவர் ஹெலனுக்கு வாசித்துக் காட்டினார்.

"தங்களது ஊர்தி ஐம்பது ஆண்டுகளைக் கடந்து பழம்பெரும் நிலையை எய்தியுள்ளதை வாரியம் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது. இனி இவ்வூர்திக்குத் தகுதிச் சோதனை இல்லை. சாலை வரி இல்லை. இவ்விலக்கினை முப்பது நாட்களுக்குள் பெறாவிடில் ஊர்தி கையகப்படுத்தப்பட்டு நசுக்கப்படும்."

"முதல் மூணு வரி நல்லாதான் போச்சு. கடைசியில இன்னாத்துக்கு நசுக்கறான்?" என்றாள் ஹெலன்.

"சலுகை குடுக்கறாங்க ஹெலன். வாங்கிக்கலன்னா கோவம் வராதா?"

நசுக்குவதற்கு முப்பது நாள் இருந்தது. கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு நாள் இருந்தது.

வாரியம் பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. புதுக் கட்டடம். வாசலில் பழங்கால கார் ஒன்றின் சிமென்ட் சிலை. வாரியம் தொடங்கி நான்கு வருஷத்தில் அங்கே வந்து சேர்ந்த கார்களில் எந்தக் குறையும் சொல்ல முடியாதது அது ஒன்றுதான் என்று பிறகு ஜான்சனுக்குத் தெரியவந்தது. காருக்கு வரி புதுப்பிக்காததால், யோக்கியமாக பஸ்ஸில் போய் இறங்கினார். முதல் மேஜையில் மோகனா என்ற எழுத்தர் இருந்தார்.

"உங்க வண்டிக்கு டெஸ்ட் கிடையாது சார்" என்றார் மோகனா, புன்சிரிப்போடு.

"ரொம்ப சந்தோஷம் மேடம். அப்ப நான் வர்றேன்."

"உக்காருங்க. டெஸ்ட் கிடையாதுன்னு டெஸ்ட் பண்ணணும். வண்டிய கொண்டாங்க."

"நாளைக்கே ஓட்டிட்டு வந்துடறேன்."

மோகனாவின் சிரிப்பு நின்றது. "விலக்கு இல்லாத வண்டிய எப்டி சார் ரோட்ல ஓட்டுவீங்க?"

"அப்ப விலக்க குடுத்துடுங்க. ஓட்டிட்டு வந்து காட்டறேன்."

"வண்டிய பாக்காம எப்டி சார் விலக்கு குடுக்கறது?"

இரண்டும் நியாயமாகவே இருந்ததால் ஜான்சன் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேற வண்டியில கட்டி இழுத்துட்டு வரட்டுமா?"

"இழுத்தா அது டிரெய்லர். டிரெய்லருக்கு வரி தனி."

"ஆள வெச்சித் தள்ளிட்டு வந்தா?"

"தள்ளற வண்டி எங்க கண்ட்ரோல்ல வராது. அதுக்கு நீங்க நகராட்சியில கேக்கணும்."

"எனக்கு விலக்கே வேணாம் மேடம். பழையபடி டெஸ்ட்டே பண்ணிடுங்க. வரியும் கட்டிடறேன்."

மோகனா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விலக்குல இருந்து யாருக்கும் விலக்கு கிடையாது சார்."

கூடவே ஒரு படிவமும் ஒரு சலானும் கொடுத்தார். வண்டிக்குச் சாலை வரி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வங்கியில் கட்டி ரசீது கொண்டுவர வேண்டும். கடைசித் தேதிக்குள் கட்டாவிட்டால் அபராதம் உண்டு. அபராதம் எவ்வளவு என்று ஜான்சன் கேட்டார். வரியில் இரண்டு மடங்கு என்றார் மோகனா, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு.

வங்கியில் அரை மணி வரிசையில் நின்று காசாளரிடம் சலானை நீட்டினார்.

"பணம்?"

"பூஜ்யம் சார்."

"அது தெரியுது. குடுங்க."

ஜான்சனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. மரியாதைக்கு வெறுங்கையை நீட்டினார். காசாளர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சலானில் சீல் குத்தி, "அடுத்த தடவ சரியான சில்லறையா கொண்டாங்க" என்றார்.

வண்டியைக் கொண்டுபோகும் வழியைக் கண்டுபிடித்தவர் ஜான்சனின் தோஸ்த் ஹயாத் பாஷா. ஹயாத் பாஷா பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு, உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிவரும் லாரி வைத்திருப்பவர்.

"இதுக்கா இவ்ளோ பேஜாராவுற? என் லாரி மேல ஏத்திடு. கார் கீழயே எறங்காது. ரோட்ட தொட்டாதான கேள்வி?" என்றார்.

அப்படியே பலகை போட்டுக் காரை லாரியில் ஏற்றி, முன்னும் பின்னும் கயிறு கட்டிக் கொண்டுபோனார்கள். லாரியிலிருந்து அன்று காலைதான் தோல் லோடு இறக்கியிருந்தார்கள். உப்புத் தோலின் வாசனை ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். வாரியத்துக்குள் லாரி நுழைந்ததும் இரண்டு மேஜைகள் காலியாயின.

விலக்கு ஆய்வாளர் பிரேம்நாத் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். மெலிந்த மனிதர். கையில் எட்டுப் பக்கப் படிவம், ஜான்சன் பூர்த்தி செய்து அனுப்பியது. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'ஒரிஜினல்: ஆம் / இல்லை' என்று அச்சிட்டிருந்தது. பிரேம்நாத் முகப்பு விளக்கைத் தட்டினார், ஹாரனை அடித்தார், கதவைத் திறந்து மூடினார், எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். பிரேக்கைப் பார்க்கவில்லை.

"பிரேக் நல்லா புடிக்கும் சார், பாக்கறீங்களா?" என்றார் ஜான்சன்.

"அது தகுதிச் சோதனை. உங்களுக்குத்தான் விலக்காச்சே. எங்களுக்குப் பிரேக் பிடிக்கணும்னு இல்ல. பிடிக்காத பிரேக்கா இருந்தாலும் அது ஒரிஜினலா இருக்கணும்."

பிறகு பின்கதவைத் திறந்தார். நின்றார். சீட்டைத் தொட்டார். படிவத்தைப் பார்த்தார். அதில் 'இருக்கை உறை' என்பதற்கு எதிரே 'ஆம்' என்று வட்டமிட்டு, ஓரத்தில் ஜான்சன் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நூறு சதம் ஒரிஜினல். கேரண்டி.'

"இது என்ன?"

"சீட்டு சார்."

"இது தோல்."

"ஆமா சார்" என்றார் ஜான்சன், பெருமையாக. "ஒரிஜினல்."

"தோலா இருந்தா எப்படிய்யா ஒரிஜினலாகும்? கம்பெனியில இருந்து வெளிய வரும்போது என்ன போட்டிருந்தது?"

"ரெக்சின் சார். டூப்ளிகேட்டு."

"அந்த டூப்ளிகேட்தான் ஒரிஜினல். நீங்க போட்டிருக்கற ஒரிஜினல், டூப்ளிகேட். அதை ஒரிஜினல்னு எழுதி, கேரண்டி வேற குடுத்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்த் தகவல்."

திட்டியிருந்தால் ஜான்சன் தாங்கியிருப்பார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆர்டர்கூட அவர் கையிலிருந்து போய்த் திரும்பி வந்ததில்லை. வெளிநாட்டுக்காரன்கூட அவர் முத்திரையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துப் போவான். அப்படிப்பட்டவரை ஒரு ரெக்சினுக்காகப் பொய்யர் என்கிறார்கள்.

"சார், ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. இல்ல, மோந்து பாருங்க."

"காலையில இருந்து அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்" என்றார் பிரேம்நாத்.

ஆனாலும் அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதர்களை வைத்துக்கொண்டு ஒரு வாரியத்தை இவ்வளவு அழகாக நடத்த முடியாது. ஜான்சனை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. 1966-ல போட்ட அதே ரெக்சினைக் கொண்டு வந்து மாட்டுங்க. இல்லன்னா, 'இது தோல் அல்ல, தோல் போன்ற ரெக்சின்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் கண்ணை மூடிக்கறேன்."

"தோல தோல் இல்லன்னு நான் எழுதறதா?"

"ஒரே ஒரு வரி."

"என்னால முடியாது சார்."

"அப்ப வண்டிய நசுக்கிருவாங்க."

ஜான்சன் லாரியில் ஏறிக்கொண்டார். ஊர் வரும்வரை ஹயாத் பாஷா ஏதேதோ பேசிப் பார்த்தார், ஜான்சன் பின்னால் கட்டியிருந்த காரையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். காரைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். அந்தப் பொய்யைச் சொன்னால், ஹெலன் தைத்ததை டூப்ளிகேட் என்று அவரே பாஸ் பண்ணியதாக ஆகிவிடும்.

ஹெலன் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, ஆனால் வேறு பக்கமாக வந்தது.

"அவனுக்கு வேண்டியது ரெக்சின்தான?"

"ஆமா. ஆனா சீட்ட பிரிக்கணும் ஹெலன். அந்தத் தையல..."

"தையல எவன் தொட்டான், பாக்கறேன்" என்று எழுந்தாள்.

ஆட்டோவுக்கு சீட் தைக்கும் கடையில் மலிவு ரெக்சின் ஆறு மீட்டர் வாங்கிவந்தாள். பச்சை நிறம். முதல் தரமான தோல் சீட்டுக்கு மேலே, மூன்றாம் தரமான ரெக்சினில் ஒரு சட்டை தைத்து, பின்னால் நாடா வைத்து மாட்டினாள். வேண்டுமென்றே தையலைக் கோணலாகப் போட்டாள். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் கோணல் தையல் அதுதான். ஜான்சன் அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுபடியும் லாரி, மறுபடியும் கயிறு. இந்த முறை ஹெலனும் கூட வந்தாள். பிரேம்நாத் பின்கதவைத் திறந்தார். பச்சை ரெக்சின் பளபளத்தது. ஒரு மூலையில் கடைக்காரன் விலை எழுதிய சுண்ணக்கட்டி எழுத்துகூட அழியவில்லை.

"ஆஹா!" என்றார் பிரேம்நாத். "1966."

"மேல இருக்கறது ரெக்சின் சார்" என்றார் ஜான்சன் ஜாக்கிரதையாக. அது உண்மைதான்.

"அதான் தெரியுதே. இந்தத் தையலைப் பாருங்க. இந்த மாதிரி இப்ப யார் தைக்கறாங்க?"

"யாரும் தைக்க மாட்டாங்க சார்" என்றாள் ஹெலன்.

பிரேம்நாத் பழைய படிவத்தை எடுத்தார். 'ஆம்' என்று ஏற்கெனவே வட்டமிட்டிருந்தது. 'கேரண்டி' என்பதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 'மணம்' என்ற கட்டத்தில் 'ஒரிஜினல் அல்ல, எனினும் மன்னிக்கப்படுகிறது' என்று எழுதினார். கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. பொன் எழுத்தில் அச்சடித்த விலக்குச் சான்றிதழைக் கையில் வாங்கியபோது ஜான்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நன்றி சார். வர்ற வியாழக்கிழம என் பொண்ணு கல்யாணம். இந்த வண்டியிலதான் சர்ச்சுக்கு ஓட்டிட்டுப் போறேன். நீங்க அவசியம் வரணும்."

பிரேம்நாத் நெற்றியைச் சுருக்கினார். "எதை ஓட்டிட்டு?"

"வண்டிய சார்."

"பின்பக்கம் படிக்கலையா? ஏழாவது நிபந்தனை. விலக்குப் பெற்ற ஊர்தியின் சக்கரங்கள் சாலையில் உருளக் கூடாது."

"தகுதி டெஸ்ட் வேணாம்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்திருக்கீங்க!"

"ரோட்ல ஓடற வண்டிக்குத்தான் தகுதி பாக்கணும். உங்களுக்கு விலக்கு குடுத்ததே இது ஓடாதுங்கற நம்பிக்கையிலதான்." பிரேம்நாத் நிமிர்ந்தார். பேச்சு வந்துவிட்டது. "ஜான்சன் சார், இந்த வாரியம் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் எங்க வண்டிங்களால ஒரு விபத்து உண்டா? ஒரு புகை உண்டா? ஒரு ஹாரன் சத்தம் உண்டா? ஏன்? ஒரு வண்டியும் ஓடல! ஊர்ல இருக்கற எல்லா வண்டியையும் எங்க கையில குடுத்துப் பாருங்க, நாட்டுல விபத்தே இருக்காது."

மோகனா தன் மேஜையிலிருந்து மெதுவாகக் கைதட்டினார். அது வழக்கம் போலிருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பிரிக்கக் கூடாது என்றார். ஜான்சன் வீட்டுக்கு வந்து ஜீவாவுக்கு போன் போட்டார். "டிராவல்ஸ்ல ஒரு நல்ல காரா பாக்கட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"உன்னால முடிஞ்சத செஞ்சிட்டப்பா. பரவால்ல" என்றாள் ஜீவா. அந்தப் 'பரவால்ல' அவரை அன்று முழுக்கச் சாப்பிட விடவில்லை.

மறுநாள் விஷயம் கேட்ட ஹயாத் பாஷா சிரிசிரியென்று சிரித்தார். "இன்னா தோஸ்த், மறந்துட்டியா? ரெண்டு தடவ ஆபீசுக்கு எப்டி போன?"

வியாழக்கிழமை காலை. ஹயாத் பாஷா லாரியை மூன்று நாளாக ஃபினாயில் போட்டுக் கழுவியிருந்தார். நான்கு பக்கமும் வாழைமரம், சாமந்தி மாலை. லாரியின் மேலே கார். காருக்குள், பின் சீட்டில், வெள்ளைப் புடவையில் ஜீவா, பக்கத்தில் ஹெலன். பச்சை ரெக்சின் சட்டையை முதல் வேலையாக ஹெலன் உருவி எறிந்திருந்தாள். ஓட்டுநர் இருக்கையில் கோட்டு போட்ட ஜான்சன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆம்பூரைத் தாண்டியதும் வளைவு வந்தது. கீழே ஹயாத் பாஷா லாரியைத் திருப்பினார், மேலே ஜான்சனும் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வழியில் ஷூ கம்பெனி பஸ்ஸில் போன பெண்கள் ஜன்னலில் தலை நீட்டிக் கூச்சல் போட்டார்கள். ஜான்சன் கம்பீரமாக ஹாரன் அடித்தார்.

"நீ அடிக்காத தோஸ்த், எனக்குக் குழப்பமாவுது!" என்று கீழிருந்து குரல் வந்தது.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால், வாரியத்தின் வாசலில் ஒரு கை நீண்டது. லாரி நின்றது. பிரேம்நாத் ஏணி கொண்டுவரச் சொல்லி மேலே ஏறி வந்தார். கையில் கோப்பு. சர்ச்சில் பத்து மணிக்குப் பூசை. இப்போதே ஒன்பது தாண்டிவிட்டது.

"வண்டி ஓடுதா?" என்றார் பிரேம்நாத்.

"நிக்குது சார்."

பிரேம்நாத் குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். எதுவும் சாலையைத் தொடவில்லை. "உள்ள ஆளுங்க இருக்காங்களே? நகர்த்தும்போது ஊர்தியில் ஒரிஜினல் பாகங்கள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பதினோராவது நிபந்தனை."

ஜான்சன் வாயைத் திறப்பதற்குள் ஹெலன் சொன்னாள்: "நாங்க பாகந்தான் சார். இருபத்தஞ்சு வருஷமா இதுலயே இருக்கோம். எங்கள கழட்டிட்டா வண்டி ஒரிஜினல் கெடயாது."

பிரேம்நாத் அதை யோசித்தார். பொருத்தமாகத்தான் இருந்தது. 'பாகங்கள்: மூன்று. நல்ல நிலையில்' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வழக்கப்படி, பின் சீட்டைத் தொட்டார்.

கை அங்கேயே நின்றது. பச்சை ரெக்சின் இல்லை. பழுப்புத் தோல். உள்ளங்கை மெதுவாக நகர்ந்து, ஓரத்தில் தைத்த அந்த எழுத்தின் மேல் போய் நின்றது. ஜீவா அப்பாவைப் பார்த்தாள்.

பிரேம்நாத் கையை எடுத்துக்கொண்டார். கோப்பைப் பிரித்தார். அதிகாரக் குரலில் கேட்டார்:

"இருக்கை உறை. ஒரிஜினலா?"

டூப்ளிகேட் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று ஜான்சன் நினைத்தார். மகளுடைய கல்யாணம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை வரவில்லை.

"ஒரிஜினல் சார்" என்றார்.

பிரேம்நாத் கோப்பைப் பார்த்தார். வட்டமிட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"கோப்பிலயும் ஒரிஜினல்னுதான் இருக்கு" என்றார். "பொருந்துது. போலாம்."

ஏணியில் இறங்கினார். பாதியில் நின்று, உள்ளங்கையை ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டார்.

லாரி கிளம்பியது. ஜீவா சீட்டின் ஓரத்தில் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே அழுதாள், சிரிப்பும் வந்தது. ஜான்சன் அழுதார் என்பதை அவர் எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை. வேலூர் திருப்பம் வந்ததும், முறைப்படி, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி சிக்னல் காட்டினார்.